ஐஸ் தொழிற்சாலையின் பின்பக்கம் வீணாகும் சூடு

கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணக் கரையோரப் பாசையூரில் பெரியம்மா வானத்தைப் பார்த்தே நாளைக் கழிப்பார். உப்புப் போட்ட மீனைப் பாயில் பரப்பினால் மழை வரும், அள்ளி உள்ளே வைத்தால் வெயில் எறிக்கும். போன மாரியில் இரண்டு கூடைக் கருவாடு புழுத்துப்போய்க் கொட்டினோம். அதே நாட்களில் கரையோர ஐஸ் தொழிற்சாலையின் பின்பக்கம் போய் நின்றால் முகத்தில் வெக்கை அடிக்கிறது. “அந்தக் காத்தைக் குழாய் போட்டு இஞ்ச கொண்டுவரேலாதோ?” என்று பெரியம்மா கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கணக்கு இதுதான். 28 பாகைத் தண்ணீர் ஒரு தொன் ஐஸாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 125 அலகு (மின்பட்டியலில் வரும் அதே அலகு, கிலோவாற் மணித்தியாலம்) வெப்பத்தை அதிலிருந்து எடுத்து வெளியே விட வேண்டும். குளிரூட்டும் வாயுவை அமுக்கும் கொம்பிரசர் குடிக்கும் மின்சாரமும் சூடாகி அதோடு சேரும். ஒரு லீற்றர் டீசலில் இருப்பது 10 அலகு அளவு. அப்படியென்றால் ஒவ்வொரு தொன் ஐஸுக்கும் 12 லீற்றருக்கு மேற்பட்ட டீசலின் சூட்டைக் காற்றில் விடுகிறோம்.

ஆனால் அது 35, 40 பாகைச் சூடு. மாரிக் காற்றின் ஈரத்தில் கருவாடு கெதியாய்க் காய 45 பாகை அளவு இருந்தால் நல்லது. (50ஐத் தாண்டினால் மீன் வெந்துவிடும்.) இங்கேதான் வெப்பப் பம்பி வருகிறது. குளிர்சாதனப் பெட்டியின் அதே வேலைதான், நமக்கு வேண்டியது அதன் சூடான பக்கம். ஒரு அலகு மின்சாரம் கொடுத்தால், வீணாகும் சூட்டில் மூன்று அலகை அள்ளி, நான்காகத் தரும். டீசல் கொதிகலன் ஒரு லீற்றருக்கு உருப்படியாகத் தருவது 8 அலகு. பம்பிக்கு அதே 8க்கு 2 அலகு மின்சாரம் போதும். ஆகவே ஒரு லீற்றர் டீசலின் விலையையும் இரண்டு அலகு மின்சாரத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2022இல் டீசல் வரிசையில் நின்றவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

விறகோடு போட்டியிட்டால் கதை வேறு. காசில்லாமல் பொறுக்கும் விறகை எந்தப் பம்பியாலும் வெல்ல முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஓடும் மணித்தியாலங்கள். இரண்டு மூன்று மாத மாரிக்காக மட்டும் வாங்கிய இயந்திரம் மிச்ச மாதமெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கும், முதல் திரும்பாது. ஆண்டு முழுக்க வேலை கொடுத்தால்தான் கட்டும். மீன் பெட்டி கழுவச் சுடுதண்ணீர் தினமும் தேவை. கடலட்டை அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொதிநிலை வரை பம்பியால் ஏற்றினால் ஆதாயம் வெகுவாகக் குறையும், ஆனால் 70 பாகை வரை பம்பி, அதற்கு மேல் விறகு என்றால் தண்ணீர் கொதிக்கவைக்கும் விறகில் பாதிக்கு மேல் மிஞ்சும். குளிரூட்ட அமோனியா பாவிக்கும் ஆலைகளில் கொம்பிரசரிலிருந்து வரும் வாயு 100 பாகைக்கும் மேல் சூடாக இருக்கும். அந்தப் பங்கைப் பம்பியே இல்லாமல் ஒரு வெப்பமாற்றி (வாயுவும் தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் கருவி) வைத்து எடுக்கலாம். முதலில் செய்ய வேண்டியது அதுதான், செலவும் குறைவு.

பெரியம்மாவின் குழாய்க்குப் பதில்: சூடான காற்று தூரம் போகாது, வழியிலேயே ஆறிவிடும். உலர்த்தும் கொட்டில் ஐஸ் தொழிற்சாலையின் மதிலோடு இருக்க வேண்டும். துறைமுகங்களில் புதிதாக ஐஸ் ஆலைக்குக் காணி ஒதுக்குகிறவர்கள் பக்கத்தில் நாலு பரப்பாவது (கால் ஏக்கர்) அதற்கு விட வேண்டும். கட்டிடம் எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

யாழ்ப்பாணக் கரையில் ஐஸ் ஆலை நடத்தும் யாராவது இதைப் படித்தால், ஒரு மாத மின்பட்டியலோடு உள்பெட்டிக்கு வாருங்கள். உங்கள் ஆலைக்கு இது கட்டுமா கட்டாதா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.