அது செவ்வால் குஞ்சு இல்லைங்க

மொரிஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக் தீவுக்குப் போகும் கப்பலில் எடுத்த பறவைப் படத்தைப் பார்த்து, "வால் வெள்ளை, அதனால் செவ்வால் பாயான்கேயின் இளம் பறவை, வளர்ந்தால் சிவக்கும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். (பாயான்கே என்பது நீள வாலிறகுள்ள கடற்பறவை; செவ்வால், வெள்ளைவால் என்று அதில் வகைகள் உண்டு.) தவறுங்க. இளம் பறவைக்கு அந்த நீள வாலிறகே இருக்காது. முதுகெல்லாம் கறுப்புக் கீற்றாக இருக்கும். இதற்கோ உடம்பளவு நீளத்துக்கு இரண்டு இறகு!

கடலில் வாலை நம்பாதீர்கள். செவ்வாலின் சிவப்பு இறகு ஈர்க்குச்சி மாதிரி, தூரத்தில் கண்ணிலேயே படாது. இறக்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேற்புறம் சாய்வாகக் கறுப்புப் பட்டை, அலகு மஞ்சள். இது வளர்ந்த வெள்ளைவால். வளர்ந்த செவ்வாலுக்கு அலகு சிவப்பு, இறக்கை ஏறக்குறைய முழு வெள்ளை. மொரிஷியஸின் ரவுண்ட் தீவில் இரண்டுமே கூடு வைக்கின்றன. ஏர் மொரிஷியஸ் சின்னத்தில் பாயான்கேயைச் சிவப்பாகப் போட்டதால் வந்த குழப்பமோ என்னவோ!