நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையங்கள்: எண்ணிக்கை மட்டும் போதாது

நெடுஞ்சாலைகளில் மின்வாகன சார்ஜிங் நிலையங்களைப் பெருக்க வேண்டும் என்பதில் இன்று பெரிதாக யாருக்கும் மறுப்பில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்பதைப் பல நாடுகள் எழுத்திலேயே வகுத்துவிட்டன. இந்திய மின்துறை அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 500 கோடி டாலர் ஒதுக்கிய அமெரிக்கா 50 மைலுக்கு ஒன்று என்றது. ஐரோப்பிய ஒன்றியம் முதன்மைச் சாலைகளுக்கு 60 கிலோமீட்டர் என வரையறுத்தது. இவை அவசியமானவைதான். ஆனால் பத்து சதவீத சார்ஜோடு ஒரு நிலையத்துக்குள் நுழைபவருக்கு, அடுத்த நிலையம் எவ்வளவு தூரம் என்பதைவிட, இந்த சார்ஜர் வேலை செய்யுமா என்பதே பெரிய கேள்வி.

ஒரே ஒரு சார்ஜர் உள்ள நிலையத்தை நிலையம் என்று கணக்கில் சேர்ப்பதே தவறு என்று நான் கருதுகிறேன். ஒரு சார்ஜர் நூற்றுக்குத் தொண்ணூறு நேரம் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கு வரும் பத்துப் பேரில் ஒருவர் ஏமாந்து திரும்புவார். அதே தரத்தில் தனித்தனியாக இயங்கும் நான்கு சார்ஜர்கள் இருந்தால், நான்கும் ஒருசேரப் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். மின்தடை வந்தால் நான்கும் சேர்ந்தே நிற்கும் என்பது உண்மை. ஆயினும் பயணிகளை வழியில் நிறுத்துவது பெரும்பாலும் மின்தடை அல்ல, கவனிப்பாரற்ற சின்னச் சின்னப் பழுதுகள்.

அந்தப் பழுதுகளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும். யாரோ அழுத்திவிட்டுப் போன சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் அப்படியே உள்ளே அழுந்திக் கிடக்கும். அதைத் திருகி விடுவித்தால் பல இயந்திரங்கள் மீண்டும் உயிர் பெறும், ஆனால் அதைச் சொல்லித்தர அங்கே ஆள் இருக்காது. காரில் செருகும் கைப்பிடியான 'கன்' தரையில் விழுந்து விழுந்து அதன் பூட்டு உடைந்திருக்கும்; காரில் செருகியதும் திரையில் 'தொடர்பு ஏற்படுத்தப்படுகிறது' என்று வரும், சற்று நேரத்தில் பிழைச் செய்தி வரும், கழற்றி மறுபடி செருகினாலும் அதே கதைதான். இவ்வளவுக்கும் அந்த சார்ஜர் இணையத் தொடர்பில் இருப்பதால், செயலியில் பச்சை நிறத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கா 2023இல் வகுத்த தரவிதி, அரசு நிதி பெறும் ஒவ்வொரு சார்ஜிங் முனையும் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்கிறது. அந்த அளவிலும் ஆண்டுக்குச் சுமார் பதினோரு நாள் அது முடங்கிக் கிடக்கலாம். ஆகவே மானியத்தை நிறுவும்போதே முழுவதும் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வெற்றிகரமாக நிறைவடைந்த சார்ஜிங்குகளின் விகிதத்தைப் பார்த்து ஆண்டுதோறும் விடுவிக்க வேண்டும். அந்த விகிதத்தை நிலையம்வாரியாகப் பொதுவெளியில் வெளியிடவும் வேண்டும்.

அடுத்தது திறன். பெயர்ப்பலகையில் 60 கிலோவாட் என்றிருக்கும் இயந்திரத்தில் இரண்டு கன்கள் இருந்தால், இரண்டாவது கார் வந்ததும் பெரும்பாலும் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும். 60 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியைப் பத்திலிருந்து எண்பது சதவீதம் வரை ஏற்ற 42 யூனிட் தேவை; முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரமாகிவிடும். எண்பதுக்கு மேல் பேட்டரியைக் காக்க வாகனமே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வதால், வரிசை இருக்கும்போது முழுவதும் ஏற்றிக்கொள்ளக் காத்திருப்பது பின்னால் நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். 2021 அக்டோபரில் சீனாவின் தேசிய தின விடுமுறையில் நெடுஞ்சாலை நிலையங்களில் மக்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். உலகிலேயே மிகுதியான சார்ஜர்களைக் கொண்ட நாட்டிலேயே இந்த நிலை. சராசரி நாளை மனத்தில் வைத்து மட்டும் திட்டமிட்டால் பண்டிகைக் கூட்டத்தை ஒருநாளும் தாங்க முடியாது.

திறனைக் கூட்டுவது இயந்திரம் வாங்குவதோடு முடிவதில்லை. நான்கு கார்களுக்கு ஒரே நேரத்தில் தலா 150 கிலோவாட் தர 600 கிலோவாட் வேண்டும். அதற்கு உயரழுத்த இணைப்பும் தனி டிரான்ஸ்ஃபார்மரும் தேவை. பல இடங்களில் சார்ஜர் வந்து இறங்கிய பிறகும் இணைப்புக்காக மாதக்கணக்கில் உறையோடு நிற்பது இதனால்தான். வாகனங்கள் குறைவாக வரும் தொடக்க ஆண்டுகளில், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஒப்பந்தத் திறனுக்குக் கட்டவேண்டிய நிலைக்கட்டணமே நிலையம் நடத்துபவரை நசுக்கிவிடும். அந்த ஆண்டுகளுக்கு மட்டுமாவது அதைத் தளர்த்துவது நியாயம். இணைப்பு கிடைக்காத தொலைவான இடங்களில், மெதுவாக நிரம்பி வேகமாக வழங்கும் சேமிப்பு பேட்டரிகளை நிலையத்திலேயே வைப்பதும் ஒரு வழி.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒரு முன்பணம் என்ற தொல்லை நீங்க வேண்டும். வங்கி அட்டையோ கியூஆர் குறியீடோ போதும். கூரையும் விளக்கும் இரவில் ஓர் ஆளும் இருக்க வேண்டும். தனியாகப் பயணிக்கும் ஒரு பெண் நள்ளிரவில் இருட்டில் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தால், அந்த நிலையம் அவருக்கு இல்லாததற்குச் சமம்.

அரசுகளிடம் அவசரமாகக் கேட்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. இப்போது அகலப்படுத்தப்படும் ஒவ்வொரு சாலையிலும், ஓய்விடங்களுக்கு மின்கேபிள் செல்லும் குழாய்களையும் துணைமின் நிலையத்துக்கான நிலத்தையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும். நாளை மின்லாரிகளுக்கு மெகாவாட் அளவில் மின்சாரம் தேவைப்படும்போது, போட்ட சாலையை மறுபடி தோண்டாமல் இருக்க இப்போது அதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது.