கார் லைசென்ஸ் இருந்தா போதுமாம், 26 அடி லாரிய தூக்கி கையில குடுத்துடுவாங்களாம்

இதுல என்ன நியாயம்னு யாராவது சொல்லுங்கப்பா. வீடு மாத்தணும், சாமான் நிறைய இருக்குன்னு வாடகை லாரி எடுக்க போனா, கவுன்டர்ல உக்காந்திருக்குற ஆளு லைசென்ஸ வாங்கி காப்பி எடுத்தான், இன்சூரன்ஸ் வேணுமா, எந்த பிளான் வேணும், தள்ளுவண்டி வேணுமா, போர்வை வேணுமான்னு மூச்சு விடாம வித்தான், கண்ட பக்கத்துல எல்லாம் கையெழுத்து வாங்கினான், கடைசில சாவிய மேஜை மேல தள்ளிட்டு "ஓரமா நிக்குது பாருங்க, அதான் உங்க வண்டி"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டான். அவ்ளோதான். இதுக்கு முன்னாடி இவ்ளோ பெரிய வண்டி ஓட்டிருக்கீங்களான்னு ஒரு கேள்வி? ம்ஹும்.

சட்டமும் இவங்க பக்கம்தான். அமெரிக்கால லோடோட சேத்து வண்டி எடை 26,001 பவுண்டுல இருந்துதான் கமர்ஷியல் லைசென்ஸ் கேப்பாங்க, அதனால பெரிய வாடகை லாரிங்கள எல்லாம் கரெக்டா அந்த கோட்டுக்கு கொஞ்சூண்டு கீழ வச்சு விடுறாங்க. முழுசா லோடு ஏத்தினா கிட்டத்தட்ட 12 டன். நேத்து வரைக்கும் சின்ன காரு ஓட்டுனவன் இன்னைக்கு 12 டன்ன ஹைவேல ஓட்டலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பிரிட்டன்ல இன்னும் கூத்து. 1997 ஜனவரி 1க்கு முன்னாடி கார் டெஸ்ட் பாஸ் பண்ணிருந்தா 7.5 டன் வரைக்கும் ஓட்டலாம், அதுக்கப்புறம் பாஸ் பண்ணவங்களுக்கு பொதுவா 3.5 டன்தான். 1996ல பாஸ் பண்ணவரு மட்டும் என்ன லாரியோடயா பொறந்தாரு? அவரும் கார்லதானே டெஸ்ட் குடுத்தாரு!

சரி ஏறி உக்காந்தாச்சு. முதல் அதிர்ச்சி, உள்கண்ணாடி இல்ல. இருந்தும் என்ன பிரயோஜனம், பின்னாடி முழுக்க பெட்டிதானே. ரெண்டு பக்க கண்ணாடிதான் கதி, அதுலயும் கீழ இருக்குற குட்டி குவி கண்ணாடில பாத்தா பக்கத்துல வர்ற கார் எங்கயோ தூரத்துல வர்ற மாதிரி காட்டும், அத நம்பி லேன் மாத்தினா முடிஞ்சுது கதை. நேரா பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றவன் நமக்கு சுத்தமா தெரிய மாட்டான்.

அப்புறம் திருப்பம். கார்ல ஸ்டியரிங்க எப்ப ஒடிப்போமோ அதே மாதிரி இதுலயும் ஒடிச்சா பின்சக்கரம் உள்பக்கமா வெட்டிட்டு போய் பிளாட்பாரம் மேல ஏறும். அதுக்கு பயந்து நல்லா முன்னாடி போயி அப்புறம் திருப்பணும்னு கத்துக்கிட்டு நிமிரும்போதுதான் அடுத்தது வரும்: பின்சக்கரத்துக்கு பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற வால் எதிர்ப்பக்கமா வெளிய வீசும். நீங்க வலது பக்கம் திருப்புறீங்க, கண்ணும் வலது கண்ணாடிலயே இருக்கு, இடது பக்கம் நிக்குற கம்பத்தயோ பக்கத்து வண்டியவோ வால் தடவிட்டு போகும். இத சொல்லித்தர ரெண்டு நிமிஷம் போதும், காலி மைதானத்துல நாலு கூம்பு வச்சு காட்டினா சின்ன புள்ளைக்கு கூட புரியும். போர்வை விக்க நேரம் இருக்கு, இதுக்கு மட்டும் நேரம் இல்லையாம்.

ஆனா எனக்கு வயிறு எரியுறது உயர விஷயத்துலதான். 26 அடி லாரிக்கு உயரம் 12ல இருந்து 13 அடி வரும். அத கேபின்ல எங்கயோ ஒரு மூலைல ஸ்டிக்கரா ஒட்டிட்டு கடமை முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டாங்க. போன்ல இருக்குற சாதாரண மேப்புக்கு நாம கார்ல போறோமா லாரில போறோமான்னு என்ன தெரியும், அது பாட்டுக்கு தாழ்வான பாலத்துக்கு அடில கூட்டிட்டு போகும். வட கரோலினால டர்ஹம்னு ஒரு ஊர்ல ரயில் பாலம் ஒண்ணு இருக்கு, அடில உயரம் 11 அடி 8 அங்குலம்தான் இருந்துச்சு, வாடகை லாரிங்களோட கூரைய உரிச்சு உரிச்சே உலக பேமஸ் ஆன பாலம், 2008ல இருந்து ஒருத்தர் கேமரா வச்சு படம் புடிச்சு போட்டுட்டு இருக்காரு. உயரமான வண்டி வந்தா சென்சார் கண்டுபிடிச்சு சிக்னல் சிவப்பாகும், திரும்பிப்போன்னு போர்டும் எரியும். ஆனாலும் போய் இடிச்சாங்க. 2019ல பாலத்தயே 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 ஆக்கினாங்க. அப்புறமும் இடிச்சாங்க! இத பாத்து சிரிக்கிறவங்கள கேக்குறேன், ஓட்டுனவன் மட்டுமா முட்டாளு? வாழ்நாள்ல ஒரு தடவை கூட தலைக்கு மேல பாத்து வண்டி ஓட்ட அவசியமே இல்லாதவன் கையில சாவிய குடுத்து அனுப்பினது யாரு?

இன்னும் கேளுங்க. கவுன்டர்ல "எல்லாம் கவர் ஆகும் சார், நிம்மதியா போங்க"ன்னு வித்தானே அந்த பிளான், அத அப்புறமா உக்காந்து படிச்சா பொடி எழுத்துல இருக்கு, மேல்பக்கம் இடிச்சா கவர் ஆகாது. இந்த பிசினஸ்ல நிறைய பேரு இப்படித்தான் வச்சிருக்காங்க. அதாவது புதுசா ஓட்டுறவன் எங்க இடிப்பான்னு இவங்களுக்கு துல்லியமா தெரியும், தெரிஞ்சுதான் அத மட்டும் கழிச்சு வச்சிருக்காங்க. அவ்ளோ தெரிஞ்சவங்களுக்கு "சார், மேல பாத்து ஓட்டுங்க, பெட்ரோல் பங்க் கூரை, ஓட்டல் வாசல் கூரை, மரக்கிளை எல்லாம் கவனம்"னு ஒரு வரி வாயில வராதா? பெட்ரோல் போடணுமா டீசல் போடணுமான்னு கூட நானா மூடியில இருந்த எழுத்த படிச்சு கண்டுபிடிச்சேன்.

ரிவர்ஸ் பத்தி பேசவே வேணாம். லாரிக்கு கிளீனர்னு ஒருத்தர் எதுக்கு, சும்மா சம்பளம் தண்டம்னு நினைக்கிறவங்க ஒரே ஒரு தடவை தனியா இத பின்னாடி எடுத்து பாருங்க. எறங்கி பாத்து, ஏறி, கொஞ்சம் நகத்தி, மறுபடி எறங்கி பாத்து... இதுக்கு நடுவுல பின்னாடி ஒருத்தன் ஹாரன் மேல கைய வச்சு அமுக்கிக்கிட்டே இருக்கான்.

இந்த கார் ஓட்டுற மகராசனுங்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை லாரின்னு வெளிய கொட்ட எழுத்துல எழுதிருக்கு, உள்ள இருக்குறவன் டிரைவர் இல்ல, வீடு மாத்துறவன், அவனுக்கே கை நடுங்குதுன்னு புரிய வேணாமா? லோடு ஏத்தின லாரி கார் மாதிரி டக்குனு நிக்காது, அதனாலதான் முன்னாடி அவ்ளோ இடம் விட்டு உருட்டிக்கிட்டு வர்றேன். நான் விட விட நீங்க ஒவ்வொருத்தரா உள்ள பூந்து எனக்கு முன்னாடியே பிரேக் அடிக்கிறீங்க. அது காலி இடம் இல்லய்யா, நான் நிறுத்துறதுக்கு வேண்டிய தூரம். அதுக்குள்ள உங்க வண்டிய கொண்டாந்து சொருகாதீங்க.