கூடை கைமாறிய பிறகு விலையைக் குறைக்காதீர்கள்

எங்கள் சமையலறையில் தொங்கும் மாதா காலண்டரின் பின்பக்கம் பென்சிலில் சில எண்கள் இருக்கும். 140, 165, 152 என்று கீழே கீழே. கிரெடிட் கார்டில் மாதாமாதம் கிடைத்த கேஷ்பேக். கரண்ட் பில், ரீசார்ஜ், மளிகை எல்லாம் அந்தக் கார்டில்தான். என் மனைவி ஒன்றைக்கூட விடாமல் குறித்து வைப்பாள். இப்போது மொத்தம் 1,620.

ராமேஸ்வரம் தீவில், எங்கள் தங்கச்சிமடத்தில் விசைப்படகை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு நிற்கும், செலவு நிற்காது. பள்ளிக்கூடம் திறப்பதும் அதை ஒட்டித்தான். அந்த நேரத்தில் கேஷ்பேக்கைக் கார்டு பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் தொடாமல் வைத்திருந்தோம்.

போன வாரம் வங்கியிலிருந்து மெயில். அடுத்த மாதத்திலிருந்து கேஷ்பேக்கை 500-க்குக் குறைவாக எடுக்க முடியாது. பில்லில் கழிக்க ஒவ்வொரு முறையும் 99 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக, 500 எடுத்தால் ஏறக்குறைய 117 ரூபாய் போய்விடும். கட்டணம் வேண்டாமென்றால் கிஃப்ட் வவுச்சராக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பட்டியலைப் பார்த்தேன். பெரிய மால்களில் இருக்கிற துணிக்கடை, காபிக்கடை. மதுரைக்கே இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். அந்த வவுச்சரை வைத்து என் மகளுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்ட முடியுமா?

இனிமேல் செய்யும் செலவுக்கு விதியை மாற்றுங்கள், அது உங்கள் உரிமை. பிடிக்காதவர்கள் விலகிக்கொள்வோம். ஆனால் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பணத்துக்குக் கழிவு போடுவது எப்படிச் சரி? எங்கள் கரையில் மீன் ஏலம் முடிந்து கூடை கைமாறிய பிறகு யாவாரி விலையைக் குறைத்தால் ஊரே கூடிவிடும். கேஷ்பேக் ஒன்றும் தர்மம் இல்லை. நாம் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் கமிஷனில் ஒரு பங்குதான் நமக்குத் திரும்பி வருகிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கிரெடிட் கார்டு விதிகளைப் படித்தேன். கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். மாற்றம் நமக்குப் பாதகம் என்று கார்டை ஒப்படைத்தால், பாக்கியைக் கட்டினால் போதும், மூடுவதற்கென்று தனியாகக் காசு கேட்கக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூடவில்லை என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். அதனால் புது விதி வரும் முன்பே சேர்ந்ததை எடுத்துவிடுங்கள், அப்புறம் மூடுவதைப் பற்றி யோசியுங்கள். எடுத்தாலும் அந்த மாத மினிமம் டியூவை, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகையை, தனியாகக் கட்டிவிடுங்கள். பல வங்கிகள் கேஷ்பேக்கை அதில் சேர்ப்பதில்லை. மீதிப் பாக்கி நின்றால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும், கேஷ்பேக் எல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

நேற்று இரவு நாங்கள் 1,620-ஐயும் பில்லில் கழிக்கக் கொடுத்துவிட்டோம். பழைய விதிப்படி சேர்ந்த பணத்துக்குப் புதுக் கட்டணம் போடாதீர்கள் என்று வங்கிக்கு ஒரு புகாரும் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அதற்குச் செலவு இல்லை. காலண்டரில் இருக்கும் எண்களை இப்போதைக்கு அழிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.