ஒரே மாதிரி நடத்துவது எப்படி நியாயமாகும்?

மே மாதம் வந்துவிட்டால், ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ (கவனம் சிதறும், ஓரிடத்தில் உட்கார விடாத நிலை) கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிச் சேர்க்கைக்கு அலையும் பெற்றோர் முதல்வர் அறையில் தவறாமல் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "எங்க ஸ்கூல்ல எல்லாக் கொழந்தைகளையும் ஒரே மாதிரிதானுங்க நடத்துவோம். உங்க பையனுக்குன்னு தனியா எதுவும் பண்ண முடியாதுங்க." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, பாரபட்சம் பார்க்காத நிர்வாகம் என்ற பெருமையோடுதான் சொல்கிறார்கள். என் மகனுக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கின்றன. இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கிறான். அவிநாசி, திருப்பூர், கோவை என்று நாங்கள் ஏறி இறங்கிய பள்ளிகளில் கேட்ட ஏச்சுகளைவிட இந்தப் பெருமைப் பேச்சுதான் எங்களுக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது என்பது என் கருத்து. ஏசுகிறவரிடம் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். நியாயம் பேசுகிறவரிடம், உங்கள் நியாயத்தில்தான் கோளாறு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒரே மாதிரி நடத்துவது வகுப்பறைக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பலகையில் பத்து வரி எழுதுகிறார்; எல்லோரும் பார்த்து எழுத வேண்டும். டிஸ்லெக்சியா என்ற, படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு உள்ள குழந்தை நிமிர்ந்து பார்த்து, இரண்டு மூன்று எழுத்துகளை மனத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து, நோட்டில் தான் விட்ட இடத்தைத் தேடுவதற்குள் அவற்றில் ஒன்று நழுவிவிடும். மறுபடி நிமிர்ந்தால் பலகையில் எந்த வரியில் நின்றோம் என்பது தெரியாது. மூன்றாவது வரிக்கு வருவதற்குள் பலகை துடைக்கப்பட்டுவிடும். மாலையில் டைரியில் சிவப்பு மையில் "எழுதி முடிக்கவில்லை" என்று இருக்கும். அதே பாடத்தை வாய்மொழியாகக் கேட்டால் அந்தக் குழந்தை கோவையாகச் சொல்லிவிடும் என்பதைப் பல வகுப்புகளில் யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. பலகையில் எழுதப் போவதை ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் கொடுத்தால், அல்லது பலகையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினால், இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு தாள். ஆனால் "ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க கேப்பாங்க" என்பதுதான் பதிலாக வருகிறது.

என் மகனுக்குப் பலகையைப் பார்த்து எழுதுவதில் தொல்லை இல்லை. அவனுக்குத் தொல்லை, பாடவேளை மாறுவதில். கணக்கில் மூழ்கியிருப்பவன் தலையில் மணிச் சத்தம் விழுந்து, அதே நொடியில் நாற்பது பிள்ளைகள் பெஞ்சை இழுத்துக்கொண்டு எழுந்தால், இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அவனை இழுத்து வெளியே கொண்டுவர முயன்றால் கடித்தும் விடுவான். இதைப் பிடிவாதம் என்றும் வளர்ப்பு சரியில்லை என்றும் எங்களிடம் புகார் சொன்னார்கள். ஆனால் அவனுடைய நான்காம் வகுப்பு ஆசிரியை புகார் சொல்லவில்லை. பாடவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பலகையின் வலது மேல் மூலையில் மூன்று சிறிய வட்டங்களைப் போடுவார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்றை அழிப்பார். மூன்றாவது வட்டம் அழிவதற்குள் அவன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக் காதைப் பொத்திக்கொண்டு மணிக்குத் தயாராக உட்கார்ந்திருப்பான். சில வாரங்களில் வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளும் அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் பையை எடுத்து வைத்தார்கள். நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாதவன் என்பதால் நோட்டுகளை விநியோகிக்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார். அவர் சிறப்புக் கல்வி படித்தவர் அல்லர். பிள்ளை எந்த நேரத்தில் உடைகிறான் என்பதைக் கவனித்தவர், அவ்வளவுதான்.

இதில் வியப்பு என்னவென்றால், நூலின் கவுண்ட்டுக்கு (பருமன் அளவுக்கு) ஏற்ப நிட்டிங் மெஷினின் கேஜ் (ஊசிகளின் நெருக்கம்) மாற வேண்டும் என்பது திருப்பூரில் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவருக்கும் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்த அறிவைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். காரணம் மதிப்பெண். ஒரு காலத்தில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு உருப்போட வைப்பது ஊரறிந்த ரகசியமாக இருந்தது. "பிராய்லர் பள்ளி" என்று கிண்டல் செய்தவர்களே தம் பிள்ளைகளை அங்கு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2017 இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது; பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வையும் கொண்டுவந்தது. பட்டியல் போனது, மனம் போகவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற ஃப்ளெக்ஸுக்காக ஒன்பதாம் வகுப்பில், "வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று டிசி கொடுத்து அனுப்பப்படும் பிள்ளைகளில் நம் பிள்ளைகள்தான் முதலில் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தும் பள்ளி அந்த இடத்தில் மட்டும் ஆள் பார்த்துத் தனியே பிரிக்கிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோர் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஏடிஹெச்டி தனிப் பெயரில் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பெற்றோரின் அலைச்சலுக்கு இது ஒரு பெரிய காரணம். தேவையான, நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆக, முதல்வர் அறையில் பாரபட்சமின்மை என்று பெருமையோடு சொல்லப்படுவதைச் சட்டம் பாரபட்சம் என்கிறது. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ப ஏற்பாடு செய்ய வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்று அதன் 16 ஆம் பிரிவு சொல்வது அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான். "நாலு போட்டாச் சரியாயிடுவான்" என்பவர்களுக்கு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளை நம் மாநிலமே வழங்குகிறது. ஆனால் அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் விழித்துக்கொண்டால் ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள், சொற்பச் சம்பளம், வாரம் முழுக்கத் தேர்வுத்தாள் என்று இருப்பவரிடம் இன்னொரு வேலையைச் சுமத்துவது எளிது. சுமக்க வேண்டியது நிர்வாகம். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் கிடைப்பதில்லை என்று நம் பகுதிப் பள்ளிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் பல்கலைக்கழக வளாகத்திலும் கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்விக்கென்றே துறைகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்காவது வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து போகிறார். தனியார் பள்ளிகள் பலவும் செய்வது வேறு: "ஷேடோ டீச்சர் வெச்சுக்குங்க, சம்பளம் நீங்க குடுத்துருங்க" என்று பெற்றோர் தலையில் கட்டிவிடுகின்றன. வகுப்பில் பிள்ளையின் கூடவே உட்கார்ந்து உதவும் இந்த ஷேடோ டீச்சர் சில பிள்ளைகளுக்குக் கட்டாயம் தேவைப்படும். ஆனால் அவர் வந்த பிறகு வகுப்பாசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிடுகிறார் என்றால், பிள்ளையைப் பள்ளிக்குள் சேர்த்துவிட்டு வகுப்புக்கு வெளியே வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள். "பாவம், அவன் பாட்டுக்கு இருக்கட்டும்" என்று கடைசி பெஞ்சில் வண்ணம் தீட்ட விட்டுவிடும் இரக்கமும் இதே வகைதான். ஏற்பாடு செய்வது பாடம் நடத்துவதற்காக. பாடத்திலிருந்து விடுவிப்பதற்காக அன்று.

வீட்டுக்குள் இதே வழக்கு வேறு உருவத்தில் வரும். இவனைவிட மூத்தவள் என் மகள். கல்யாண மண்டபத்தில் தம்பி மட்டும் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போகலாம், தான் மட்டும் கடைசி வரை உட்கார வேண்டுமா என்று கேட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி. அவனுக்கு இரைச்சல் தாங்காது என்று விளக்கினால் போதாது. அவளுக்கும் தாங்க முடியாதவை இருக்கின்றன, அவற்றுக்கும் வழிவிட வேண்டும். சொந்தக்காரர்கள் முன் அவளைப் பாடச் சொல்வதை நாங்கள் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் நான் இருக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. தெரபி, அசெஸ்மென்ட், பள்ளிக் கூட்டம் என்று ஒரு பிள்ளையைச் சுற்றியே ஓடும் வீடுகளில், தொல்லை தராத பிள்ளை சத்தமில்லாமல் பின்னால் தள்ளப்படுகிறது என்பது அனுபவப்பட்ட பெற்றோருக்குத் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் என் மாமியார் தொடக்கத்தில், "பசிச்சாத் தானா திம்பான், உடு கண்ணு" என்பார். வாயில் படும் பதம் பிடிக்காத ஆட்டிசக் குழந்தைகளில் சிலர் பசியோடேயே கிடப்பார்களே தவிரத் தொடமாட்டார்கள். இதை நான் சொல்லி அவர் கேட்கவில்லை. அவரே பார்த்துக் கண்டுபிடித்தார். அரிசிம்பருப்புச் சாதத்தை முழுதாக ஒதுக்குகிறவன், வெங்காயத்தின் வழுவழுப்பும் கறிவேப்பிலையும் தட்டுப்படாத இடத்தில் மட்டும் இரண்டு வாய் எடுப்பதைக் கவனித்தவர், மறுநாள் வெங்காயத்தை அரைத்து ஊற்றிக் கறிவேப்பிலையைத் தாளித்த பிறகு பொறுக்கி எடுத்துவிட்டு, சின்னக் குண்டாவில் அவனுக்கெனத் தனியாக வைத்தார். "எல்லாத்துக்கும் ஒரே சோறுதான்" என்று காலமெல்லாம் கறாராகக் குடும்பம் நடத்திய எழுபது வயதைக் கடந்த மனுஷிக்கு இது முடிந்தது. ஏசி போட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏன் முடியவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மாரியம்மன் நோம்பி வந்தால் எங்கள் தெருவில் ஜமாப் மேளம் அடிப்பார்கள், வேட்டுப் போடுவார்கள். அவனுக்கு அந்தத் தீர்த்தக்குட ஊர்வலம் பிடிக்கும், சத்தம்தான் பிடிக்காது. பட்டறைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் காது மூடியை ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டிவிட்டு, வேட்டுப் போடும் முனையிலிருந்து தள்ளி, அவன் அம்மிச்சி வீட்டுத் திண்ணையில் நிற்கிறோம். "ஊர்ப்பசங்க எல்லாம் ஆடறாங்க, இவனுக்கு என்னங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை அவனுக்குச் சொல்லும் ஊர், அவனோடும் கொஞ்சம் ஒத்து வாழலாம்.

எல்லோரையும் போல ஆக்கிவிட வேண்டும் என்ற இந்தத் தவிப்பை வைத்துத்தான் "ஆட்டிசத்தை அடியோடு குணப்படுத்துகிறோம்" என்ற விளம்பரங்கள் பிழைக்கின்றன. ஸ்டெம்செல் ஊசி அவற்றில் விலை அதிகமான சரக்கு. ரத்தம் தொடர்பான சில நோய்களுக்கு அப்பால், மருத்துவ ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. காடு விற்ற பணத்தை அதில் கொட்டுவதற்கு முன், அரசு மருத்துவமனை வளாகங்களில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் செலவின்றிக் கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தாய் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி என்று சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு செய்தி: மனநல மருத்துவர் லியோ கேன்னர் 1943 இல் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, தாயின் பாசக் குறைவே காரணம் என்று மருத்துவர்களே பல காலம் சொல்லிவந்தார்கள். தானும் ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964 இல் அதை ஆதாரத்தோடு மறுத்தார். நீங்கள் சொல்வது அறுபது ஆண்டுக்கு முன் காலாவதியான சரக்கு.

ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்பது என்னைக் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது. நோயறிதல் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். "ஆட்டிசம்" என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் தாம் பார்த்த ஏதோ ஒரு வீடியோவைத்தான் நினைத்துக்கொள்வார். உங்கள் பிள்ளை எந்த நேரத்தில், எதனால் உடைகிறது, அப்போது என்ன செய்தால் அடங்குகிறது, என்ன செய்யவே கூடாது என்பதை எழுதுங்கள். கரகரவென்று சத்தம் போடும் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைக்க வேண்டாம், பலகையில் எழுதுவதைத் தாளில் தாருங்கள், இடையில் ஒருமுறை எழுந்து நடக்க விடுங்கள், தேர்வில் நேரம் கூட்டித் தாருங்கள் என்று செய்யக்கூடியவற்றைச் செய்யக்கூடிய அளவில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16 ஆம் பிரிவைக் கடைசி வரியில் மரியாதையாகக் குறிப்பிடுங்கள். நேரில் போகும்போது வகுப்பாசிரியரும் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள், ஏனென்றால் முதல்வரிடம் சொன்னது பல பள்ளிகளில் வகுப்பறை வரை போய்ச் சேர்வதில்லை. கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய், பெற்றுக்கொண்ட தேதியையும் பள்ளி முத்திரையையும் அதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.