ஒரு மில்லிமீற்றர் டிறில் பிற்றைப் பிடிக்கத் தெரியாத தீட்டுற சட்டத்தை ஏனப்பா விக்கிறியள்?

பெட்டியில "3 மி.மீ. முதல்" எண்டு கொட்டை எழுத்தில அடிச்சிருக்கு. அந்தப் பெட்டியைக் கையில வைச்சுக்கொண்டே, "ஒரு மில்லியும் பிடிக்கும், கொண்டு போங்கோ" எண்டு கடையில சொல்லுகினம். இண்டைக்கும் ஒருத்தரின்ர தலையில கட்டி விட்டிட்டினம். கேக்கக் கேக்க விசர் வருது. உந்தச் சாமான் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: கிறைண்டருக்குப் பக்கத்தில பூட்டி, இடம் வலமாய் ஆட்டி டிறில் பிற் தீட்டுற சட்டம்.

ஒரு மில்லி பிற்றை அதில வைச்சுப் பாருங்கோ. பிற் கிடக்கிற அந்த V வடிவ வாய்க்கால் பெரிய பிற்றுக்கு வெட்டினது. சின்னது அடியில போய் விழும், சட்டம் ஆடுற அச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. முன்னால வெட்டுவாயைத் தாங்க வேண்டிய தகட்டு நாக்கு, பிற்றில முறுக்கிப் போற பள்ளத்தை, அதுதான் தவாளிப்பைவிடத் தடிப்பு. உள்ள போகவே போகாது. தாங்க ஒண்டும் இல்லாததால பிற் உருளும். உருளக்கூடாதெண்டு இறுக்கினால் வளையும். கல்லில முட்டின உடனை நுனி ஒதுங்கும், கையை எடுத்தால் திரும்பி வரும். என்ன கோணத்தில தேய்ஞ்சதெண்டு ஆருக்கும் தெரியாது.

பிற்றின்ர நுனியில ரெண்டு வெட்டுவாய். ஒண்டைத் தீட்டினால் பேந்து மற்ற வாய். 180 பாகை திருப்ப வேணும். எதைப் பிடிச்சுத் திருப்புறது? வெறுங்கண்ணால! பத்துப் பாகை பிசகினால் வெட்டுவாயின்ர வெளி முனை 0.09 மி.மீ. அளவு விலகும். உதை எந்தக் கண் காணும்? திருப்பிறதுக்காக இளக்கி இறுக்கேக்க நீளமும் மாறிப்போகும். ஒரு வாய் நீளம், மற்றது கட்டை. முனை நடுவிலயிருந்து 0.05 விலகினாலே துளை கிட்டத்தட்ட 0.1 பெருக்கும். வேலை முழுக்க ஒரு வாயில ஏறும், டக்கெண்டு முறியும்.

முறிஞ்ச துண்டு பித்தளைக்குள்ளயோ பவுணுக்குள்ளயோ இருந்தால் படிகாரத்தைச் சுடுதண்ணியில கரையக்கூடிய மட்டும் கரைச்சு, கண்ணாடிப் பாத்திரத்தில சூடாய் ஊறவிடுங்கோ. உருக்கு மெல்ல மெல்லத் தின்னப்பட்டுப் போகும், பித்தளையும் பவுணும் தப்பும். யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியில பவுண் வேலை செய்யிறவையிட்டை போய் "பிற் முறிஞ்சால் என்ன, வேற போடலாம்" எண்டு சொல்லிப் பாருங்கோ. முறியிறது பிற் மட்டுமே?

குத்தம் கல்லிலயும் இல்லை, கையிலயும் இல்லை. பிடியில! சாதாரண மூண்டு அலகுச் சக்கும் உதவாது. அலகு தவாளிப்புக்குள்ள இறங்கினால் பிற் சரிஞ்சு நிக்கும், ஆட்டம் 0.1 வரைக்கும் போகும். வேண்டியது ஈஆர்11 கொலெற் (நட்டை இறுக்கப் பிற்றைச் சுத்திவர நெருக்கிப் பிடிக்கிற, கீறல் விட்ட குழாய்), அதை மாட்ட நேர்த்தண்டுப் பிடி, அந்தத் தண்டை இறுக்க ஒரு சதுரக் கட்டை. கொலெற்றை முதல்ல நட்டுக்குள்ள சரிச்சு, "டிக்" எண்டு மாட்டின பிறகுதான் பிடியில பூட்ட வேணும். எத்தினை பேர் கொலெற்றைப் பிடிக்குள்ள போட்டிட்டு மேலால நட்டை முறுக்குகினம்! கொலெற் கோணலாய் இருக்கும், பேந்து கழட்டவும் வராது. 1 மி.மீ. பிற்றுக்கு 1 மி.மீ. கொலெற்தான். தண்டில பழைய சக் கீறின பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லில எடுத்துப்போட்டு மாட்டுங்கோ. முனை 5 மி.மீ. மட்டும் வெளியில நிக்கட்டும். சாதாரண 1 மி.மீ. பிற்றில தவாளிப்பு 12 மி.மீ. தான், அதனால மிச்சத் தவாளிப்போட தண்டையும் சேர்த்துக் கொலெற் பிடிக்கும்.

பத்து மடங்கு லென்ஸால பார்த்து, வெட்டுவாயைக் கட்டையின்ர அடிமுகத்துக்குச் சமாந்தரமாய் வைச்சு இறுக்குங்கோ. அதுக்குப் பிறகு கொலெற்றைத் தொடக்கூடாது. ஒரு வாய் தீட்டினால் கட்டையை அப்பிடியே எதிர்முகத்துக்குப் புரட்டி, அதே தடுப்பில முட்டி மற்ற வாய். 180 பாகையைக் கட்டை தரும், கண் தரத் தேவையில்லை. கட்டை சரியோ எண்டு முதல் பாருங்கோ: 3 மி.மீ. நேர் ஊசியொண்டைப் பிடிச்சு டயல் கேஜை (முள்ளால நுண்ணிய விலகலைக் காட்டுற அளவியை) வைச்சு, புரட்டித் திரும்பப் பாருங்கோ. வித்தியாசம் 0.01க்கு மேல போனால் கட்டையைத் திருத்த வேணும்.

கல் முகத்துக்கும் பிற்றுக்கும் 59 பாகை. மேசையைச் சரிச்சு, வெட்டுவாய்க்குப் பின்னால முதல் சரிவு 12 பாகை, அதுக்கும் பின்னால இரண்டாவது 30. ரெண்டு சரிவும் சந்திக்கிற கோடு சரியாய் நடுவைத் தொட்டவுடனை நிப்பாட்டுங்கோ. நாலு தட்டை முகமும் ஒரு புள்ளியில சந்திக்கும், பிற் தானாய் நடுப்பிடிக்கும், ஆட்டுற சட்டமே தேவையில்லை. ஒருக்காத் தொட்டால் 0.01 மி.மீ. தேய்ச்சால் போதும், கூடினால் 0.02. உதுக்குமேல அமத்தினால் நுனி வளைஞ்சுபோடும்.

உவ்வளவுந்தான் விசயம். கொலெற்றும் கட்டையும் விக்கலாமே, ஏன் அந்தச் சட்டத்தையே திரும்பத் திரும்ப இறக்குகினம்?

அதோட இன்னொண்டு. 0.9, 1.0, 1.1 எல்லாத்தையும் ஒரே ரின்னுக்குள்ள கொட்டி வைச்சிட்டு "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" எண்டு ஏன் எடுத்துத் தாறியள்? உந்தச் சின்னத் தண்டில அளவும் அடிச்சிருக்காது. ஒரு மைக்ரோமீற்றரை மேசையில வைச்சு, அளந்து தாங்கோவன்!