சுமாக் புதர்கள் அனைத்தும் நஞ்சுள்ளவை அல்ல

சுமாக் எதுவாயினும் தொட்டால் தோலில் கொப்புளம் எழும், எனவே வீட்டுத் தோட்டத்தில் அதை நடக்கூடாது என்று ஒரு கருத்து பதிவாகி, பலராலும் பகிரப்பட்டுள்ளது. அது ஓர் இனத்துக்கு மட்டுமே பொருந்தும். அழற்சி தரும் உருஷியால் எண்ணெய் கொண்ட நச்சு சுமாக் இன்று டாக்ஸிகோடென்ட்ரான் பேரினத்தில் வைக்கப்படுகிறது; வட அமெரிக்கத் தோட்டங்களில் நடப்படும் ஸ்டாக்ஹார்ன், ஸ்மூத் சுமாக்குகள் ருஸ் பேரினத்தைச் சேர்ந்தவை, அவற்றில் அந்த எண்ணெய் இல்லை. இரண்டும் மாமரக் குடும்பமே. பழைய நூல்கள் இரண்டையும் ருஸ் என்றே குறித்ததால் இக்குழப்பம் இயல்பானதுதான்.

செடியைத் தொடாமலே இதைச் சரிபார்க்கலாம். ருஸ் வகைகளின் காய்க்கொத்து சிவந்து, கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். நச்சு சுமாக்கின் காய்களோ வெளிறிய நிறத்தில், இலைக்காம்பு கிளையோடு சேரும் இடங்களிலிருந்து தளர்ந்து தொங்கும். ஆண் செடிகள் காய்க்காது என்பதால் அப்போது இலையைப் பார்க்க வேண்டும்: நச்சு சுமாக்கில் 7 முதல் 13 வரையான சிற்றிலைகள் விளிம்பில் பற்களின்றி இருக்கும், ஸ்டாக்ஹார்ன், ஸ்மூத் இரண்டிலும் விளிம்பு ரம்பம்போல் இருக்கும். ருஸ் பேரினத்தின் இன்னொரு வகையான சிறகு சுமாக்கின் சிற்றிலை விளிம்பிலும் பெரும்பாலும் பற்கள் இரா. ஆனால் சிற்றிலைகளுக்கு இடையே நடுக்காம்பில் ஓடும் பச்சைச் சிறகு அதைக் காட்டிக்கொடுக்கும். மேலும் நச்சு சுமாக் சதுப்பு நிலத்தில் வளர்வது. வறண்ட சரிவிலோ சாலையோரத்திலோ அதைக் காண்பது அரிது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரத் தரவுத்தளத்தில் இவை தனித்தனிப் பேரினங்களாகவே பதிவாகியிருப்பதை எவரும் தேடிப் பார்க்கலாம்.